அப்பா பையில் போட்டுக்கொண்ட மாத்திரை

“படிச்ச பொண்ணு மாத்திர எடுத்துக் குடுக்கும். அதுகிட்ட எவன் நெஜத்த சொல்லுவான்?”

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று என் அத்தை என் முகத்துக்கு நேராகவே இப்படிக் கேட்டார். பொறாமை என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

அப்பா வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அடைப்புக்குக் கொழுப்பு மட்டும் காரணமில்லை, இதய ரத்தக்குழாயின் உள்சுவரில் அழற்சியும் இருக்கிறது, அது தணியாவிட்டால் மறுபடி அடைப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற மாத்திரைகளோடு அழற்சிக்கென்று சின்ன மாத்திரை ஒன்றும் எழுதினார். தினமும் காலையில் எல்லாவற்றையும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் மறுபடி நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையில் அழற்சி கொஞ்சமும் குறையவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாளும் தவறியதில்லை, நானே கொடுக்கிறேன் என்று நிமிர்ந்து சொன்னேன். அப்படியானால் மருந்து கேட்கவில்லை, ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனா என்று முடிவு செய்யலாம் என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனேன். மருந்து செய்யாததை நீ செய் என்று முருகனிடம் அழுதேன். திரும்பி வந்து அப்பாவின் நெற்றியில் விபூதி இட்டபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தச் சின்ன மாத்திரய டூட்டி அன்னிக்கு நான் போடறதில்லம்மா. வயித்தால போவுது. மாத்தி நிக்க ரிலீவர் வராம கேட்ட வுட்டுட்டு எப்டி போறது? ஒருதபா யூனிஃபார்ம்லயே...”

நான் பஸ் ஏறியதும் அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம்.

“எங்கிட்ட ஏம்பா சொல்லல?”

“நீ திட்டுவ. காத்தாலேர்ந்து, சொல்றதுக்கு தைரியம் குடுன்னு முருகனத்தான் கேட்டுகினு இருந்தேன்.”

நான் கோயிலில் கேட்டது ஒன்று. முருகன் முதலில் நிறைவேற்றியது அப்பா கேட்டதை.

வெட்கத்தில் நான் குறுகிப்போனேன். பெற்ற மகளிடம் வயிறு சரியில்லை என்று சொல்லவே ஒரு மனிதருக்குத் தெய்வத்தின் துணை வேண்டியிருந்தது. இன்னொன்றும் உறைத்தது. என் லைனிலும் அதே சட்டம்தான். பாத்ரூம் போகப் பெண்கள் கை தூக்குவார்கள். ரிலீவர் இல்லை, டார்கெட் முடியட்டும் என்பேன். இசக்கியம்மாள் என்று தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஹாஸ்டலில் இருப்பவள், வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. அதை ஒழுங்கு என்று பாராட்டியவள் நான்.

டாக்டரிடம் நான் சொன்னது தப்பு என்று நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. படத்தில் புது அடைப்பு எதுவும் இல்லை. ஆபரேஷன் பேச்சு நின்றது. இந்த மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அதை என்னிடம் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி மாற்றிக் கொடுத்தார். இரவு டூட்டி வராதபடி அப்பா பகல் ஷிஃப்டுக்கே மாறிக்கொண்டார். வயிறு அடங்கியது. கார்த்திகையில் எடுத்த பரிசோதனையில் அழற்சி நன்றாகக் குறைந்திருந்தது. அந்த மாதக் கிருத்திகைக்கு என்னோடு வந்து, வலியில்லாமல் பிராகாரம் சுற்றினார். இப்போது மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் எழுந்து ஓடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் நோயாளி இருக்கலாம். முருகனிடம் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நோயாளியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பதில் அவர் வாயிலிருந்தே வரலாம்.

என் லைனுக்கு இன்னொரு ரிலீவர் வேண்டும் என்று மேலே கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. நேற்று இசக்கியம்மாள் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் இடத்தில் நின்றேன்.