நேரலை எல்வின்

கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் எல்வின் அண்ணனுக்கு உலகமே கிடையாது. உருதுவும் தெலுங்கும் புழங்கும் எங்கள் ஊரில், மெட்டுகுடாவில் குடியிருப்பவர், ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே மணிக்கு நாலு தடவை கடிகாரத்தைப் பார்ப்பார். அதே மனுஷர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபையின் ஆராதனையை நேரலையில் காட்டும்போது பசி, தாகம், கொசுக்கடி எதுவும் தெரியாமல் மூன்று மணி நேரம் நிற்பார். ஒரு கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையைப் பெஞ்சு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றே எடுத்தார். முடிந்ததும் காலை ஊன்ற முடியாமல் என் தோளில் தொங்கிக்கொண்டு இறங்கினார்.

நான் ஜோசியா. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அவர் அனுப்பும் படத்தை வெளியே விடுகிறவன். ஹெட்போன் வழியாக நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான் எங்கள் தொழில். "இவருக்கு கேமராதான் மூத்த சம்சாரம், நான் ரெண்டாவது" என்று ரேச்சல் மதினி எல்லோரிடமும் சொல்வார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

போன ஆகஸ்டில் மதினியின் அம்மா ஞானசௌந்தரி அல்வாலில் காலமானார். மதினியின் தம்பி ஜெயகரன் தோஹாவில் இருக்கிறான். உடனே கிளம்ப வழியில்லை. கொரோனா காலத்திலிருந்து எங்கள் சபையில் அடக்கத்தையும் நேரலையில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களும் வளைகுடாவில் இருக்கிறவர்களும் போனில்தான் கடைசி முகம் பார்க்கிறார்கள். அண்ணன் முதலில் மாட்டேன் என்றார்.

"எனக்கு நக்கோ ரேச்சல். நான் உன் பக்கத்துல நிக்கணும். ஜோசியா எடுக்கட்டும்."

"இவன் எடுத்தா சுவரத்தான் காட்டுவான். நீங்களே எடுங்க. தம்பி அம்மா முகத்த நல்லா பாக்கணும்."

என்னைப் பற்றிச் சொன்னது உண்மைதான்.

அல்வால் வீட்டில் சின்ன ஹால். ஜன்னல் வெளிச்சம் எதிரே அடித்ததில் பெட்டிக்குள் முகம் கறுத்துத் தெரிந்தது. அண்ணன் திரைச்சீலையை இழுத்துவிட்டார், ஒரு டியூப்லைட்டை அணைத்தார், ஸ்டூலில் ஏறினார், இறங்கினார். கொஞ்ச நேரத்தில் முகம் துலங்கி வந்தது. அதற்குள் அண்ணன் தன்னை மறந்து எங்கோ போய்விட்டார். உடம்பு அங்கேதான் நின்றது. உதடு லேசாகப் பிரிந்து, கேமராத் திரையை விட்டுக் கண் நகராமல், விளையாட்டில் மூழ்கின பிள்ளை மாதிரி நின்றார்.

பெட்டியை மூடும் முன் வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்தார்கள். மதினி கடைசியாக வந்தார். அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டில் ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடைவெளியில் எல்வின் அண்ணனின் குரல் கேட்டது.

"கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளிக்கங்கம்மா. முகம் மறையுது."

கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிற அதே குரல். குனிந்திருப்பது சொந்த மனைவி என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. மதினி சட்டென்று நிமிர்ந்தார். அண்ணன் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சொன்ன பேச்சுக் கேட்டுத் தள்ளி நின்றார். திரையில் அம்மாவின் முகம் பளிச்சென்று வந்தது. நான் ஹெட்போனில் "சூப்பர்ண்ணே" என்றேன். நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன். மூடியைத் தூக்கி வந்துவிட்டார்கள். மதினி மறுபடி குனியவில்லை.

அண்ணனுக்கு எதுவும் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் கேமராவைப் பையில் வைத்த பிறகு மகள் எமி வந்து கேட்டாள். அவளுக்குப் பத்து வயது; 'ஏன்' என்பது அவள் வாயில் ஊர் உருதுவில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"டாடி, கைக்கு மம்மிய தள்ளிப் போகச் சொன்னீங்க? ஷி வாஸ் ஸ்டில் ஹக்கிங் பாட்டி."

"நான் எப்போ சொன்னேன்?"

நடிப்பில்லை, நிஜமாகவே கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டதும் முகம் சுண்டிப்போய், பக்கத்திலிருந்த கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தோஹாவிலிருந்து அழைப்பு.

"அத்தான், அம்மா பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரியே இருந்துச்சு. நீங்க இல்லேன்னா இது எனக்குக் கிடைச்சிருக்காது."

ஜெயகரன் அழுதுகொண்டே சொன்னான். திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போனபின், நான் பதிவைக் கொடுக்கப் போனேன். மதினி டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுக்களை வாசலில் நின்றார். நான் நழுவப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரேச்சல், என்னை மன்னிச்சிரு."

"விடுங்க. வேலை மும்முரத்துல தெரியாம சொல்லிட்டீங்க."

அதோடு விட்டிருக்கலாம். மூன்று நாளாக வெட்கம் பிடுங்கித் தின்ற மனுஷர், விடவில்லை.

"அது மட்டும் இல்ல. அந்த ஒரு மணி நேரம் எனக்கு அழுகையே வரல. யாரு செத்திருக்காங்கன்னே ஞாபகம் இல்ல. வெளிச்சம் நல்லா அமைஞ்சிருச்சு, நான்... நான் சந்தோஷமா இருந்தேன் ரேச்சல்."

மதினி குழாயை மூடினார்.

"ஹவ், ஆமா, தெரியும். நிமிந்தப்ப உங்க முகத்தத்தான பாத்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "எமி பொறந்தன்னைக்குக்கூட உங்களுக்கு அந்த முகம் வரல."

இல்லை என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். பிறகு, பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார்.