நாலு பேருக்குப் பயந்தவள்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து கை சேர்க்க வேண்டும். நான் லீவு போட்ட நாட்களில், என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு மறுமுனை பிடித்தவர் பாய்லர்காரர். முதலில் வேலைக்காகத்தான் வந்தார். பிறகு நான் இருக்கும்போதும் வந்து நிற்பார், நானும் நாசூக்காக ஒதுங்கிக்கொள்வேன்.

அக்கா கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள். பாய்லர்காரர் சுற்றி வளைக்காமல் கேட்டார். அக்கா ஆசையோடு வீட்டில் சொன்னாள். அவள் அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

"நீ ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்கிட்டா தங்கச்சிய யாருடி கட்டுவா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? இனிமே அந்த ஆளப் பத்தி இந்த வீட்டுல பேச்சே வரக் கூடாது."

அந்த நாலு பேரை நான் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறேன். ஒருத்தர்கூடக் கண்ணில் பட்டதில்லை.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றாள் அக்கா. பாய்லர்காரர் சரி என்றார். தங்கச்சி கல்யாணமாகி வெளிநாடு போனாள். சம்பந்தி வீட்டில் பேச்சு வரக்கூடாது, அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்றாள் அக்கா. அதற்கும் சரி என்றார். பிறந்த பிறகு, அது கொஞ்சம் வளரட்டும் என்றாள், அதற்கும் சரிதான். அந்த மனிதர் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாடியில் சேர்த்தார்கள். அக்கா ஓடினாள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கிவந்து, கறையில்லாத விரிப்பாகப் பொறுக்கித் தேய்த்து மேலே அனுப்பினாள். வேறென்ன செய்வாள்? இரண்டு நாளில் அவர் போய்விட்டார். அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தாள், வழக்கம்போல வீட்டுக்குப் போனாள்.

அப்புறம் தங்கச்சியின் சேதி வந்தது. அங்கே புருஷனோடு ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டாள். இப்போது இன்னொருவரோடு கல்யாணம். செல்போனில் பார்க்க அம்மா என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தங்கச்சியின் மகளே பூக்கொத்தை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அத்தனையும் ஆனந்தக் கண்ணீர். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாள்.

"அந்த ஊர்ல இதெல்லாம் சகஜமாம்" என்றாள் என்னிடம். அந்த நாலு பேருக்கும் பாஸ்போர்ட் இல்லை போலும்.

சந்தோஷத்தில் அவளுக்கு மனசு இளகிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீயும் அந்த பாய்லர்காரரையே கட்டிக்கோடி. இப்ப யாரு என்ன சொல்லப்போறா? நானே வந்து பேசறேன்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அக்கா இனிப்புத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவரு போன மழைக்காலத்துலயே போய்ச் சேந்துட்டாரும்மா."

"ஐயோ! ஒரு வார்த்தை சொல்லலையேடி! அழக்கூட இல்லையே நீ!"

"என்ன முறை சொல்லி அழறது?"

போனில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதை அணைக்கத் தெரியாமல் மடியில் கவிழ்த்துப்போட்டாள். பிறகு கேட்டாள்.

"அவரு பேரு என்னடி?"

அக்கா சொல்லவில்லை.