பக்கத்துப் பானையில் எடுத்த சோறு

சோதிலிங்கத்தார் இறந்த முப்பத்தோராம் நாளன்று, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் மண்டபமொன்றில் வந்த எல்லோர் கையிலும் ஒரு நினைவு மலர் கொடுத்தார்கள். வழுவழுப்பான தாள். முன்னட்டையில், தூரத்தில் யாரோ பிழை விடுவதைக் கண்டுவிட்டவர்போல, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே 'விளையாட்டுத்துறையின் கலங்கரை விளக்கம்' என்று போட்டிருந்தது. அந்த விளக்கை நம்பி நேரே பாறையில் போய் மோதிய கப்பல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மயிரிழையில் தப்பிய ஒரு கப்பலைப் பற்றியாவது எழுதியிருக்கலாம்.

இருபத்தாறு வருடம் அவர் ஒரு பெரிய அலுவலகத்தின் உணவுச்சாலையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அது சம்பளத்துக்கு. உண்மையில் அவர் செய்துவந்த தொழில் தீர்ப்புச் சொல்வது. அதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. ஒரு வருடம் தமிழர் விளையாட்டு விழாவில் நடுவர் வராமல் போக, அந்தரத்துக்கு இவர் கழுத்தில் விசிலைப் போட்டுவிட்டார்கள். விழா முடிந்ததும் விசிலைத் திருப்பிக் கொடுத்தார். நடுவர் பதவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன்பிறகு பிறந்தநாள் வீடானாலும் சாமத்திய வீடானாலும், வந்த பிள்ளைகளை நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். "உவன் ஓடமாட்டான், காலிலை பலமில்லை" என்று அவர் தள்ளிவிட்ட ஒரு பையன், பிற்காலத்தில் நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தை ஓடி முடித்தான். "மெல்லமாத்தானே ஓடினவன்" என்றார். வயலின் தொடங்கி மூன்று மாதமான ஒரு பெண்பிள்ளை பெரிய வித்துவானாக வருவாள் என்றார். அவள் ஆறாம் மாதம் வயலினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பனிச்சறுக்கப் போனாள். "நான் சொன்னது விரலைப் பற்றி. வயலினைப் பற்றி இல்லை" என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அவருடைய சட்டப்புத்தகத்தில் இருந்தது இந்த ஒரே ஒரு வரிதான்.

எண்சாத்திரத்திலும் கை வைப்பார். பென்றாத்தில் இருக்கும் ராசனுடைய மகன் ஜெசிந்தனுக்குப் பதினேழாவது பிறந்தநாள் நடந்தபோது, ஒரு துண்டுக் கேக்குக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில், எட்டு சனியின் எண், அதைச் சுமக்கிறவன் உருப்பட மாட்டான் என்று சொல்லி வைத்தார். வாயைத் துடைத்ததோடு சொன்னதை மறந்தும் போனார்.

அந்த ஜெசிந்தனுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வாய்த்தன. ஒன்று, மின்தூக்கி பொருத்தவும் பழுதுபார்க்கவும் மூன்றரை வருடம் பழகும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி. நல்ல நிறுவனம், நாற்பது பேர் கேட்ட இடத்தில் இவனுக்குக் கிடைத்தது. பதினெட்டு வயது ஆகாததால் ஒப்பந்தத்தில் தகப்பன் கையெழுத்துப் போடவேண்டும். திங்கட்கிழமைக்குள் அது போய்ச் சேரவேண்டும். மற்றது, அமெரிக்க ஃபுட்போல். பென்றாத் காட்டுப்பன்றிகள் என்ற கழகத்தின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட அணியில் அவன் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தான். நடுவில் நிற்பவன் பந்தை எறிவான், ஓரத்திலிருந்து ஓடிப்போய் அதைப் பிடிப்பது ஜெசிந்தனுடைய வேலை.

இரண்டையும் செய்யலாம் என்றுதான் பையன் சொன்னான். ராசனுக்கு அது பிடிக்கவில்லை. பார்சல் கிடங்கில் இரவு வேலை செய்து வந்த ராசன் இரண்டு தோணியில் கால் வைப்பவர்களை மதிப்பதில்லை. அமெரிக்காவில் பந்து பிடிக்கிறவர்கள் சொந்தமாக விமானம் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு ஏற்கனவே ஒருவர் சொல்லியிருந்தார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

"நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை. சனிக்கிழமை முதல் மட்ச். சும்மா சிநேகிதப் போட்டிதான், ஆஹெனிலையிருந்து வாறாங்கள். பெடியனிலை சரக்கு இருக்கெண்டு நீங்கள் சொன்னால் இந்த லிப்ட் வேலை வேண்டாம். இல்லையெண்டால் கையெழுத்துப் போடுறன்."

சோதிலிங்கத்தார் மறுக்கவில்லை. அந்த விளையாட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்துத் தயாரானார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அரைவாசியில் நித்திரையாகிவிட்டார்.

சித்திரைக் குளிர். தாய் வசுந்தரா வரவில்லை. மகன்மேல் நான்கு பேர் விழுவதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. ராசனும் சோதிலிங்கத்தாரும் வேலியோரமாக, தொப்பியும் மப்ளருமாக நின்றார்கள். ஒப்பந்தம் ராசனுடைய கோட்டுப் பைக்குள் ஒரு பெரிய உறையில் இருந்தது. மைதானத்துக்குள் இறங்கியவர்கள் எல்லோருக்கும் தலைக்கவசம், முகத்துக்கு இரும்புக் கம்பி, முழுக்கை உடுப்பு, கையுறை. பெற்ற தாய்க்கும் பிள்ளையை அடையாளம் தெரியாது. இலக்கம் ஒன்றுதான் வழி. பையன் அணியில் சேர்ந்தபோது இலக்கம் தெரிய எடுத்து அனுப்பிய படம் ராசனுடைய கைத்தொலைபேசியில் இருந்தது.

"எண்பது, அண்ணை. அங்கை, அந்தக் கரையிலை நிக்கிறான்."

"நீ சொல்லத் தேவையில்லை. நடையிலேயே தெரியுது. உன்ரை அப்பர் வொலிபோல் விளையாடேக்கை இப்பிடித்தான் ஒரு தோளைச் சரிச்சுக்கொண்டு நடப்பார்."

ராசனுடைய அப்பா வாழ்நாளில் வொலிபோலைத் தொட்டதில்லை. சைக்கிள் கடை வைத்திருந்தவர். ராசன் ஒரு கணம் யோசித்தான். பிறகு, அண்ணை சொன்னால் விளையாடித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டான்.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில், எண்பது இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி ஒற்றைக் கையால் பந்தைப் பறித்துக்கொண்டு விழுந்தான்.

"பாத்தியே!" சோதிலிங்கத்தார் வேலியில் அடித்தார். "உது பழக்கி வாறதில்லை, ராசன். ரத்தம்! வெள்ளையளுக்கு உந்த விரல் வராது. நண்டுக்கால் உடைச்சுச் சாப்பிட்ட விரலடா அது!"

"வசுந்தரா கிழமைக்கு ஒருக்கா நண்டு வைப்பா, அண்ணை" என்றான் ராசன், கண் கலங்க.

மறுகரையில் அதே அணியின் பதினாலாம் இலக்கக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு எறிந்த முதல் பந்து நெஞ்சில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கைக்குள் வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போய்விட்டது.

"உந்தப் பதினாலு ஆற்றை பிள்ளை? கையிலை நல்லெண்ணெய் பூசி விட்டிருக்கினமோ?"

"தாய் தேப்பன் ஒருத்தரையும் காணேல்லை, அண்ணை. வெக்கத்திலை வந்திருக்க மாட்டினம்."

"வந்து கூட்டிக்கொண்டு போய் ஒரு தொழிலிலை விட்டால் புண்ணியம். ஒரு லிப்ட் வேலையிலை விட்டால் கூடக் காணும்."

ராசன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கோட்டில் சிந்தியது.

இன்னொரு முறை, பந்து வேறொருவன் கையில் இருக்கும்போது, பதினாலு தன்னைவிட ஒன்றரை மடங்கு பருமனான ஒருவனை மறித்துத் தள்ளிக்கொண்டே போனான். பந்து வைத்திருந்தவன் அந்த இடைவெளியால் நாற்பது மீற்றர் ஓடினான். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் கிழவர் பதினாலைக் காட்டிக் கைதட்டினார். சோதிலிங்கத்தார் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"பந்து இல்லாத இடத்திலை போய் ஆளோடை மல்லுக்கட்டுறான் விசரன். அதுக்கு உவர் கைதட்டுறார்."

இடைவேளையில் ராசன் இரண்டு சுட்ட சொசேஜ் வாங்கி வந்தான். தட்டு முடிந்துவிட்டதாம்.

"சொல்லுங்கோ அண்ணை."

"இனி என்னத்தைப் பாக்கக் கிடக்கு? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். பிள்ளையைக் கொண்டுபோய் லிப்ட் கிடங்குக்குள்ளை இறக்காதை. கையெழுத்துப் போடாதை."

ராசன் நீண்ட மூச்சு விட்டான். கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்தான். சூடான சொசேஜை அதன்மேல் வைத்து, கடுகுக் களியையும் பக்கத்தில் பிதுக்கி, மரியாதையாக அண்ணையிடம் நீட்டினான்.

ஆட்டம் முடிந்தது. ராசன் நல்ல செய்தியை வசுந்தராவுக்குச் சொல்லக் கைத்தொலைபேசியோடு கார்ப் பக்கம் நடந்தான். சோதிலிங்கத்தார் தன் கண்டுபிடிப்பை வாழ்த்துவதற்காக வாசலில் போய் நின்றார். பெடியள் வரிசையாக வெளியே வந்தார்கள். எண்பது தலைக்கவசத்தைக் கழற்றினான். உள்ளே வைக்கோல் நிறத் தலைமயிரும், மூக்கெல்லாம் செம்புள்ளிகளுமாக ஒரு முகம் இருந்தது. அந்த முகம் நண்டுக்கறியைக் கனவிலும் கண்டிராது.

"மாமா!" என்றது பின்னால் ஒரு குரல். பதினாலு.

சோதிலிங்கத்தார் ஜெசிந்தனுடைய முகத்தைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"நீ... எண்பதெல்லோ?"

"அம்மா மாத்தச் சொன்னவ. எண்பதெண்டால் கூட்டினா எட்டாம், சனியின்ரை நம்பராம். ஒரு மாசமா அழுகை. தோபியாஸோடை மாத்தினனான். கண்ணூறு பட்டிடும், அப்பாவுக்கும் சொல்லாதை எண்டவ."

"ஆர் உந்த விசர்க்கதையை அவவுக்குச் சொன்னது?"

"நீங்கள்தான், மாமா. என்ரை பிறந்தநாளிலை. கேக் வெட்டேக்கை."

அருகில் ஒரு வாங்கு இருந்தது. சோதிலிங்கத்தார் அதில் உட்கார்ந்தார். சோறு பதம் பார்த்ததில் பிழையில்லை, நன்றாகத்தான் வெந்திருந்தது. கையை விட்டதுதான் அடுத்த வீட்டுப் பானைக்குள்.

"ரெண்டு பந்து விட்டிட்டன்" என்றான் பையன். "மறிச்சது நல்லதாம். முதல் மட்சை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது, செப்டெம்பரிலை பாப்பம் எண்டு ட்ரெயினர் சொன்னவர்." பதினைந்து வருடமாகப் பையன்களைப் பழக்கும் மனிதருக்கு செப்டெம்பர் வரை தேவைப்பட்டது. சோதிலிங்கத்தாருக்கு ஒரு சொசேஜ் போதுமாக இருந்தது.

"அவுஸ்பில்டுங்குக்குப் போனால் உது விளையாட ஏலாதெல்லோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏன் ஏலாது? ட்ரெயினிங் பின்னேரம்தானே. தோபியாஸ் அங்கைதான் ரெண்டாம் வருசம் பழகிறான். அவன்தான் என்னையும் அங்கை கேக்கச் சொன்னவன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமா, அப்பா சைன் பண்ணிட்டாரோ? திங்கள் கடைசி நாள். எனக்கு உந்த வேலை உண்மையா விருப்பம். வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை."

சோதிலிங்கத்தாருடைய கையில் அந்த உறை இருந்தது. மேலே கடுகு மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அவர் பேசாமல் இருந்தால் போதும். தீர்ப்பு நிற்கும், பெயர் நிற்கும், பையனுடைய வேலை மட்டும் போகும். இரண்டாம் பாதியில் எண்பது களைத்துப்போனான், அதனால் மனம் மாறிவிட்டேன் என்று ஒரு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. நல்ல பொய். அதைவிட மோசமான பொய்களை வைத்து அவர் எத்தனையோ விழாக்களை ஒப்பேற்றியிருக்கிறார்.

எழுந்து காரடிக்குப் போனார். பையன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"ராசன், கையெழுத்துப் போடு."

"என்னண்ணை! இப்பதானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள்? வசுந்தராவுக்கும் சொல்லிப்போட்டன். சந்தோசத்திலை அழுறா."

"போடடா எண்டால் போடு."

"ஏன் எண்டு கேக்கிறன்..." என்று திரும்பிய ராசன், தன் மகனையும் மகன் நெஞ்சிலிருந்த பதினாலையும் ஒன்றாகக் கண்டான். வெட்கத்தில் வந்திருக்க மாட்டார்கள் என்று சற்று முன்னர் யாரோ ஒரு பெற்றோரைப் பற்றிச் சொன்ன வாய், திறந்தபடியே நின்றது.

"அப்பா, என்ன?" என்றான் ஜெசிந்தன்.

"ஒண்டுமில்லையடா." ராசன் பையனுடைய தோளைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்கவில்லை. "நல்லா மறிச்சனி. அந்தப் பெரிய ஆளை."

பேனா சோதிலிங்கத்தாரிடம் இருந்தது, நடுவர் பேனா. வைத்து எழுத இடமில்லை. கார் மூடியெல்லாம் ஈரம். அவர் தானாகவே குனிந்து முதுகைக் கொடுத்தார். அந்த முதுகில் தாளை விரித்து ராசன் அழுத்தி அழுத்தி எழுதினான்.

"ஆடாதேங்கோ அண்ணை."

"பிழையாப் பாத்துப்போட்டன்" என்றார் சோதிலிங்கத்தார், நிலத்தைப் பார்த்து.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

"கெதியாப் போடு. முதுகு கூசுது எண்டன்."

கடிதம் கடுகுக் கறையோடு போய்ச் சேர்ந்தது. நிறுவனம் கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் ஜெசிந்தன் ஒன்பது பந்து பிடித்தான், ஏழு விட்டான். அதை வைத்து யாராவது ஏதாவது சொல்லலாம்.

இரண்டு வருடம் கழித்து, சோதிலிங்கத்தார் குடியிருந்த கட்டடத்தில் மின்தூக்கி நின்றுவிட்டது. அவர் நான்காம் மாடி. அப்போதே அவருக்கு இருதய நோய் இருந்தது. கருவிப் பெட்டிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். வைக்கோல் தலையன் ஒருவன், ஜெசிந்தன் மற்றவன். கீழே காத்து நின்ற அயலவர்களிடம் சோதிலிங்கத்தார் தன்னுடைய ஜெர்மனில் அறிவித்தார்: "இவனை முதல் மட்சிலேயே கண்டுபிடிச்சது நான்." எவனை என்று ஒரு கிழவி கேட்டாள். அவருடைய விரல் இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அலைந்தது.

"ஓம், மாமாதான்" என்றான் ஜெசிந்தன், தலையை நிமிர்த்தாமலே.

ஒரு மணித்தியாலத்தில் பெட்டி மேலே போய்க் கீழே வந்தது. சோதிலிங்கத்தார் லீக்ஸ் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு காலை உள்ளே வைத்தார். ஜெசிந்தன் கையைக் குறுக்கே நீட்டி மறித்தான்.

"இல்லை மாமா. ஒருக்கா ஓடினதை வைச்சு ஆளை ஏத்த ஏலாது. பத்துத் தரம் ஓட்டிப் பாக்க வேணும்."

மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று எண்ணத் தொடங்கினார். எட்டாவது தரம் பெட்டி இறங்கி வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.