சகலையின் கால் வீக்கம்

1991, ஆவணி பிறந்த வாரம். ஆடிக்குத் தாய்வீடு போயிருந்த புது மனைவியை அழைத்துவர, ஒரகடத்துக்குப் பக்கத்திலிருந்த மாமனார் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார் சகலை, அவளுடைய அக்காள் கணவர். பஸ் நிற்பதற்கு முன் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருந்தார். அதையே கதையாகச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் நாற்றங்காலில் ஆடு புகாமலிருக்க வேலிகாத்தான் முள்ளை வெட்டி அடைத்தோம். நொண்டியபடியே வந்த சகலையும் நானும் ஒரே கிளையை இழுத்தபோது என் பாதத்தில் ஒரு முள் ஏறியது. அவருக்குச் சுளுக்கிய இடத்தை ஒட்டி ஒன்று. இரண்டையும் மாமனாரே பிடுங்கிப் போட்டார். அடுத்த நாள் எனக்கு ஒரு கறுப்புப் புள்ளிதான் மிச்சம். அவருக்கோ கால் சிவந்து கொதித்துப் பூசணிப் பிஞ்சு போல வீங்கியது. காய்ச்சலும் வந்தது.

வீடே அவர் கட்டிலைச் சுற்றியது. கஞ்சி கொண்டுபோனதும் விசிறியதும் என் மனைவி. மாமாவுக்குக் குணமான பிறகு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை நான் வேலையில் இருந்தாக வேண்டும். தனியாகத் திரும்புவதை நினைத்தபடி, யாரும் பார்க்காதபோது என் பாதத்தை அழுத்திப் பார்த்தேன். வலிக்கவே இல்லை.

“இன்னா சகலை, உனக்கு ஒண்ணுமே ஆவலியா?” என்றார் அவர். “முள்ளுக்குக் கூட ஆள் தெரிஞ்சுகீது.”

அவள் மறுபடி சிரித்தாள்.

ஶ்ரீபெரும்புதூர் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஊசி போட்டு முடித்ததும், எனக்கு ஏன் வீங்கவில்லை என்று கேட்டேன்.

“உங்களுக்குப் போனது கிருமி மட்டும். இவருக்கு ஏற்கெனவே சதை அடிபட்டுக் கெடந்துது. ரெண்டும் சேந்தா உடம்பு சும்மா இருக்குமா?”

பிற்பாடு புத்தகங்களில் தேடிப் படித்தேன். ரத்தத்தின் காவல் செல்கள் கிருமியைக் கண்டால் எழுந்து ஆயத்தமாகும். அடிபட்ட திசுவிலிருந்து கசியும் அபாயச் செய்தியும் வந்து சேர்ந்தால்தான் முழு வேகத்தில் அழற்சியைக் கிளப்பும். சிவப்பும் சூடும் கிருமி மட்டும் செய்வதல்ல, நம் உடம்பும் சேர்ந்து செய்வது.

எனக்கும் அடிபட்ட இடம் ஒன்று இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, சம்மதமா என்று கேட்டபோது அவள் முதலில் பார்த்தது சகலையை. அவர் தலையசைத்த பிறகே தானும் தலையசைத்தாள்.

ஊசி வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் வடிந்துவிட, அவள் என்னோடு கிளம்பினாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். அவள் குனிந்து என் பாதத்தைப் பார்த்தாள்.

“முள்ளு குத்தின எடம் வலிக்குதா?”

அந்த வாரம் முழுக்க நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. செருப்பைக் கழற்றிக் காட்டினேன். கொஞ்சம் வலிக்கிறது என்றும் சொன்னேன்.

“மாமாதான் கேக்கச் சொன்னாரு,” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.