ஒரே தானில் இரண்டு சட்டை

இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை, கோட்டைத்தான் கழற்றச் சொல்கிறார்கள். நுழைந்ததும் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். அதற்கு 'கப்ஸ்டாக்' என்று பெயர். தெருவில் நடந்த ஷூவோடு கூடம்வரை போகலாம், கோட்டோடு போனால்தான் மரியாதைக் குறைவு. டச்சுக்காரர்களின் இந்த உத்ரெக்ட் நகருக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகியும் வாசலைக் கண்டால் என் கை தானாகக் காலுக்குத்தான் போகிறது. ஆனால் தீபாவளியன்று மாலை ஒரு கூட்டத்தில் நான் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் வேறு.

என்னோடு வேலை பார்க்கும் மரைக்கெ என்ற அம்மாள் அழைத்த கூட்டம் அது. மகன் என்று பெற்ற பிள்ளையை இப்போது மகள் என்று வளர்க்கிறார். லீசாவுக்குப் பதினாறு வயது. பள்ளியில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன்பே பெயரை மாற்றிக்கொள்ள உரிமை கேட்பதா வேண்டாமா என்பது அன்றைய பேச்சு. உங்கள் நாட்டில் இவர்களைத் தெய்வம் போல மதிக்கிறார்களாமே, வந்து இரண்டு வார்த்தை சொல்லேன் என்றார் மரைக்கெ. ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். மறுக்கத் தெரியாமல் சரி என்றேன். எனக்கு ஓர் அக்கா இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

அப்பா கொத்தனார். சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் எழும்பிய வீடுகள் பலவற்றுக்குச் சாரம் ஏறியவர். தீபாவளி வந்தால் அண்ணனுக்கும் எனக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் பாய் கடையில் ஒரே தானில் துணி கிழிப்பார். நாங்கள் தெருவில் இறங்கினால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, சட்டையே சொல்லிவிடும். அந்த அண்ணன்தான் பதினேழு வயதில் ஒருநாள் புடவை கட்டிக்கொண்டு நின்றது. அன்றே அப்பா வெளியே அனுப்பினார். பல்லாவரத்தில் தன்னைப் போன்றவர்களோடு போய்ச் சேர்ந்து, செல்வம் செல்வியானாள். அவளைக் குறிக்க எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். இரண்டாயிரத்து மூன்று பிறந்தும் மரியாதையான ஒரு சொல் இன்னும் நம்மிடம் இல்லை.

அந்த வருஷமும் அப்பா இரண்டு சட்டைக்குக் கேட்டார். "பெரியவன் எங்கண்ணே, ஆளையே காணோம்?" என்றார் பாய். "பம்பாய்ல வேலை" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து இரண்டாவது துண்டை அம்மா பக்கத்தில் வைத்தார். அம்மா அதைத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனாள். வீட்டில் பார்க்க முடியாத பிள்ளையைப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, மாடிப்படிக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வருவாள். துணைக்கு நான்.

அடுத்த முறை போனபோது அக்கா அந்தத் துணியில் ரவிக்கை தைத்துப் போட்டிருந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி. நானும் அதே நீலக் கட்டத்தில் நின்றேன். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த பாலிடெக்னிக் புத்தகத்தைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, அந்த புக்க கொஞ்சம் கீழ வையேன். கை நோவல?" என்றாள் அம்மா.

"வுடும்மா, தம்பி படிச்சிகினு கீறான்" என்று சிரித்தாள் அக்கா. "சட்டை நல்லாக்கீதுடா."

மறு வருஷம் அம்மாவும் கடைக்கு வந்தாள். கட்டம் வேண்டாம், பூப்போட்டது எடுங்கள் என்றாள். "பசங்களுக்கா அக்கா?" என்று பாய் சிரித்தார். அப்பா அந்தத் தானை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சட்டைக்குக் கிழி பாய்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாத் தீபாவளிக்கும் பூதான். "இன்னா மச்சான், தலைல வெக்க வேண்டியத சட்டைல வெச்சிகினு வந்துட்ட?" என்று கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். இரண்டாவது துண்டு எங்கே போகிறதென்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை, வீட்டுக் கதவையும் ஒருநாளும் திறந்ததில்லை. துணி போகலாம், ஆள் வரக் கூடாது. எங்கள் வீட்டுப் பாசத்துக்கு அவ்வளவுதான் நீளம்.

இந்த வருஷம் வீட்டிலிருந்து பார்சலில் வந்தது சிவப்புப் பூச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன், மேலே கோட்டோடு. அக்காவையோ அவள் ரவிக்கையையோ அறிந்தவர் இந்த ஊரிலேயே இல்லை. ஆனாலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தேன். குளிர்கிறதா என்று மரைக்கெ கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், என் நாற்காலியைச் சூடேற்றும் கருவிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டார். முதுகில் வியர்வை ஓடியது.

நாளைக்குப் பிள்ளையின் மனம் மாறினால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன் கேட்டார். மாறினால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம், நாளைக் காலையில் அவள் பள்ளிக்குப் போக வேண்டாமா என்றார் ஒரு தாய். குரல்கள் உயர்ந்தன. எனக்குச் சண்டை பெரிதாகத் தெரியவில்லை. எதிர்த்தவர்கூட என் பிள்ளை, என் பிள்ளை என்றுதான் பேசினார். பம்பாயில் வேலை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. எங்கள் ஊரில் காலையில் கடை திறப்பவர்கள் இப்படிப் பெண்ணாக மாறியவர்கள் கையால் ஒரு காசு வாங்கி ராசி என்று கல்லாவில் போடுவார்கள் என்றேன். பொய்யில்லை. அதே கடைக்காரர் வாடகைக்கு வீடு தர மாட்டார், செல்வி என்ற பெயரில் ரேஷன் கார்டு கிடையாது, ஓட்டு கிடையாது என்பதை விட்டுவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது லீசா வந்து, இப்படி வியர்க்கிறதே என்று கோட்டுக்குக் கை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். சட்டை அழகாக இருக்கிறது என்றாள்.

"என் அக்காவிடமும் இதே துணி இருக்கிறது" என்றேன். அக்கா என்று வெளியாரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரே கடையில் வாங்கினீர்களா என்று கேட்டாள். அம்மா ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள் என்றேன்.

"ஓ, ரயில்வேயில் வேலையா?"

ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது, அப்பாவின் அதே குரலில்.

"இல்லை. அவளை வீட்டுக்குள் விடுவதில்லை. அவளும் உன்னைப் போலத்தான்."

லீசா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாங்கள் கை தட்டினோமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

டிராமில் கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சட்டை தோளில் இறுக்கியது. ஊரை விட்டபோது இருந்த என் அளவுக்கு அப்பா தைக்கக் கொடுத்தது. அக்காவின் அளவு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவளுக்கு எப்போதும் துணியாகவே போகிறது.