டிராக்டர் நிற்காத வாசல்

என் வாசலில் சாமியை நிற்கவிடாமல் செய்தது நீங்கள்தான், நாட்டாமைக்காரரே. வேறு யாரும் இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தையல் மிஷினோடு பெரம்பலூர்ப் பக்கத்து இந்தக் கிராமத்துக்கு வந்தேன். கட்டியவன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். பிறந்த வீட்டுக்குப் போனால், கட்டிக்கொடுத்தவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்டான்.

வந்த புதிதில் இந்த வீடு வெறும் நான்கு சுவர். நிலைப்படி தாழ்வு. இடித்து இடித்து, நெற்றி புடைத்துத்தான் குனியப் பழகினேன். இப்போது இருட்டிலும் குனிவேன். பத்து மணிக்கு ஜன்னல் வெயில் நேராக ஊசி மேல் விழும். என் கால் பட்டுப் பட்டு மிஷினுக்குக் கீழே சிமென்ட் வழுவழுத்துவிட்டது. மழை வந்தால் ஒழுகுகிற மூலை ஒன்றுண்டு. பேச ஆளில்லாத நாட்களில் அந்த மூலையைத்தான் திட்டுவேன். அப்படிப் பல நாட்கள் போயின.

போன தை வரைக்கும் வாடகை. வாடகைக்கு இருப்பவர்களிடம் நம் ஊரில் திருவிழா வரி வாங்குவதில்லை, நானும் கேட்கவில்லை. தையில் வீட்டை என் பேருக்கு வாங்கினேன். சித்திரையில், வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு என்று வரி எழுத நோட்டோடு வந்தீர்கள். எழுதிய வீட்டு வாசலில்தான் மஞ்சள் நீராட்டு அன்று சாமி நிற்கும். பணத்தை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"தலைக்கட்டுன்னா ஆம்பள பேரு வேணும்மா. உன்னுத எப்படி எழுதறது?"

"ஆம்பள திருப்பூர்ல இருக்கு. போயி எழுதிக்கிட்டு வாங்க."

"வாயி மட்டும் கொறச்சல் இல்ல" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

எழுதாவிட்டாலும் சாமிக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மஞ்சள் நீராட்டு அன்று தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் என் கையால் தைத்த ஜாக்கெட்டோடு நின்றார்கள். நானும் வாசல் தெளித்து, கோலம் போட்டு, குடத்தில் மஞ்சள் தண்ணீரும் தட்டில் தேங்காயுமாக நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி கிட்டே வந்தாள்.

"அக்கா, எங்க வூட்டு வாசல்ல வந்து நில்லு. ரெண்டு தட்டா குடுத்துடலாம்."

"எனக்கு வாசல் இல்லையா?"

அவள் தன் வாசலுக்குத் திரும்பிப் போனாள்.

சாமி வந்த டிராக்டர் என் கோலத்தருகே வேகம் குறைந்தது. ஓட்டியவர் பிரேக்கில் கால் வைத்ததைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டினீர்கள். "ம், போ, போ." என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரம் கோலத்தின் மேல் ஏறிப் போனது. அடுத்த வாசலில் நின்றது. மேளம் அங்கே அடித்தது.

குடத்துத் தண்ணீரை என் படியிலேயே கொட்டினேன். மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. கழுவமாட்டேன்.

அண்ணன் வீட்டில் நான் கட்டிக்கொடுத்தவள். உங்கள் நோட்டில் ஆள் இல்லாதவள். வருகிற வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நான் இந்த ஊரா, இல்லையா? இல்லையென்றால் எந்த ஊர்? என் காதில் வந்து சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.