ஜன்னல் கட்சியும் குழாய்க் கட்சியும்

"காலைப் பாருய்யா. உன் காலையே பாரு. இப்ப மேல் இமையை நீயே தூக்கு, நான் தொட மாட்டேன்."

ஓட்டாரா சனிக்கிழமைச் சந்தையில், டாரோ கிழங்குக் குவியலுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவில், பிசிலா அண்ணி ஒரு பெரியவரை நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த மனிதர் கிழங்கு வாங்க வந்தவர். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்று யாரோ அண்ணியிடம் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி விரலால் இமையைத் தூக்குகிறார். அண்ணி தலையைச் சாய்த்து, தன் வலது கண்ணை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுபோகிறார். வெள்ளை விழியில் சின்னதாக ஒரு கொப்புளம்.

"ம். ஜன்னல். நல்லா உப்பிருக்கு. சொட்டு மருந்து உண்டா?"

"இல்லைங்க, நின்னு போச்சு."

"கடல்ல குளிக்கிறியா?"

"டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"சரி, போ." பெரியவர் கிழங்கை மறந்துவிட்டுப் போகிறார். அண்ணி அவரைத் திரும்பக் கூப்பிட்டு, தான் விற்கும் இலைப் பொட்டலத்தில் ஒன்றைக் கையில் திணிக்கிறார். டாரோ இலையில் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப் பாலும் வைத்து மடித்துச் சுட்டது. கண்ணைக் காட்டியதற்கு அதுதான் கூலி.

அண்ணி என் கணவருடைய அக்கா. டோங்காக்காரர்களான எங்களிடம் அப்பாவின் அக்கா வைத்ததுதான் சட்டம். தீவை விட்டு இத்தனை தூரம் வந்து இந்த மாங்கெரேயில் வாழ்ந்தாலும் அதில் மாற்றம் இல்லை. என் கடைசி மகளுக்கு நான் ஆசையாக ஒரு பெயரை நினைத்து வைத்திருந்தேன். அண்ணி மருத்துவமனைத் தொட்டிலருகே வந்து நின்று, ஒரே மூச்சில் வேறு பெயர் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அவளை வேறு பெயரில் கூப்பிட எனக்கே வாய் வராது. யாருக்கு யாரைக் கட்டுவது, கல்யாணத்தில் எந்தச் சீர்ப் பாயை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் அண்ணி வாயிலிருந்து உடனே வரும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, கண் விஷயம் வரும்வரை.

இடது கண் சத்தமில்லாமல் போய்விட்டது. கிளாக்கோமாவின் குணமே அதுதான், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், வலிக்காது. மிச்சமிருப்பது வலது கண். அதிலும் அழுத்தம் ஏறி, சொட்டு மருந்துக்கு அடங்காமல் நின்றது. ஸ்காட்லாந்திலிருந்து புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் எங்களை உட்கார வைத்து, படம் போட்டு விளக்கினார். ஒன்று, மேல் இமைக்குக் கீழே வெள்ளை விழியில் ஒரு குட்டிக் கதவு திறந்து நீரைக் கசியவிடுவது. இன்னொன்று, மெல்லிய குழாயைச் செருகி நீரைப் பின்பக்கம் கொண்டுபோவது. முதலாவதற்கு அண்ணி அங்கேயே ஜன்னல் என்று பெயர் வைத்துவிட்டார்.

"எது பண்ணாலும் போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான்," என்றார் டாக்டர். "ஜன்னல்ல அழுத்தம் இன்னும் கொஞ்சம் நல்லா இறங்கும். ஆனா ஆரம்பத்துல அடிக்கடி வரணும், ஓயாம சொட்டு விடணும், எப்ப கண்ணு சிவந்தாலும் ஓடி வரணும். குழாய்ல ஆரம்பத் தொந்தரவு கம்மி, ஆனா சொட்டு மருந்தை விட முடியாமப் போகலாம். உங்களுக்கு நான் ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனா முடிவு உங்களோடது."

"கொஞ்சம் சாய்வேன்னா? நீ என்ன வேலியா?" என்றார் அண்ணி.

டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த விசாரணை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சபைக் கூடத்தில் தேநீர் ஊற்றும்போது விஷயம் வெளியே வந்தது. எங்கள் சபையில் அடிக்குரலில் பாடும் சியோயெலிக்கு ஜன்னல். பாடல் குழுவின் முன்வரிசையில் நிற்கும் கலோலைனேக்குக் குழாய். இருவரும் மாறி மாறி இமையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"மருந்து புட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன். என் கண்ணு தானா வேலை செய்யுது," என்றார் சியோயெலி.

"வேலை செய்யுதாம்! ஆறு மாசம் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தது மறந்து போச்சா? நான் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டு, டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் கடல்ல நீந்தறேன்."

"நீந்தி வந்து ரெண்டு புட்டி மருந்து ஊத்திக்கிறே."

"ஊத்தினா என்ன, உங்க வீட்டுத் தண்ணியா?"

கூடம் இரண்டாகப் பிரிந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட ஜன்னல் கட்சி, குழாய்க் கட்சி என்று சேர்ந்துகொண்டார்கள். போதகர் மட்டும் இரண்டு பக்கமும் கேக் சாப்பிட்டார். அண்ணி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு சனிக்கிழமை சந்தை முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றியபின், அண்ணி இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்கு செலா," என்றார். "தப்பாப் போச்சுன்னா மாத்தி வைக்க இன்னொரு கண்ணு இல்ல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. "டாக்டரே ஜன்னல்தானே அண்ணி சொல்றார்? எதுக்குத் தயங்கறீங்க?"

"எனக்கும் மனசு அங்கதான் போகுது. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு விடணுமாமே. என் கை நடுங்குது, பாதி கன்னத்துல போகுது. யாரு விடுவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணியின் கணவர் உயிரோடு இல்லை, மகள் சிட்னியில். எங்கள் வீட்டிலோ அத்தையின் தலையை யாரும் தொடக்கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே கை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு தட்டுகூட எடுக்க மாட்டோம். அந்த மரியாதைதான் இப்போது அவர் கண்ணுக்குக் குறுக்கே நின்றது. அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க அவருக்குக் கூச்சம், நாங்களாகச் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

அன்று மாலை என் மூத்த மகன் லிசியாதேயிடம் சொன்னேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவன். அவ்வளவு பெரிய உடம்பு, எங்கள் வீட்டு வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான். நேரே அத்தை முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"சொட்டு நான் விடறேன் அத்தை."

"என் தலையைத் தொடுவியாடா?"

"தலையை எங்க தொடப் போறேன்? கண்ணைத்தானே."

"கண்ணு என்ன முழங்கால்லயா இருக்கு?"

பக்கத்து அறையிலிருந்து என் கணவர் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அக்கா இருக்கும் அறையில் தம்பி உட்காரும் வழக்கம் இல்லை என்பதால் அவர் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

 அண்ணியிடமிருந்து தீர்ப்பு வந்தது. "நான் பாயில படுத்துக்கறேன். நீ முட்டி போடு. எழுந்து நின்னே, மண்டையைப் பொளந்துடுவேன்."

மருந்துக்கடையில் விற்கும் மருந்தில்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை வைத்து ஒத்திகை நடந்தது. முதல் சொட்டு காதுக்குப் போனது. அடுத்தது மூக்குக்குள் போய், அண்ணி தும்மிய தும்மலில் என் மகன் பின்பக்கமாக விழுந்தான். "சரக்கு விமானத்துல இப்படித்தான் ஏத்தறியா? பெட்டியெல்லாம் கடல்லதான் கிடக்கும்!" என்று அண்ணி படுத்தபடியே கத்தினார். மறுபடி அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெரிய விரலால் இமையை மெல்ல இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டான். சரியாக விழுந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவன் கை இன்னும் அவர் நெற்றியில்தான் இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

"இன்னொண்ணு விடு," என்றார். அப்புறம் கூரையைப் பார்த்து, "ஜன்னல்," என்றார்.

கலோலைனே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் பெரிய பாத்திரம் நிறையச் சமைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கட்டுப் பிரிக்கப் போனபோது அண்ணி ராஜாவைப் பார்க்கப் போகிறவர் போல மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பின்னல் பாயைக் கட்டிக்கொண்டார். அறைக்குள் நானும் லிசியாதேயும், வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவர். செவிலி கட்டை எடுத்தார். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. டாக்டர் குனிந்து, "என் முகம் தெரியுதாம்மா?" என்றார்.

 அண்ணியின் இரண்டு புருவமும் மேலே போய்க் கீழே வந்தன.

எங்களிடம் அதற்கு ஆமாம் என்று பொருள். ஸ்காட்லாந்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா? ஏதாவது தெரியுதா? வெளிச்சமாவது தெரியுதா?" என்று குரலை உயர்த்தினார். அதற்குள் என் பின்னால் லிசியாதே தரையில் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்துவிட்டான். நானும் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியாது. டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து இன்னும் பயந்துபோனார்.

அண்ணி அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்து முடித்தார். பிறகு, இவ்வளவு படித்தும் புரியவில்லையா என்பது போல, இரண்டு புருவங்களையும் தலைமுடியைத் தொடும் அளவுக்கு உயர்த்தி அங்கேயே வைத்துக்கொண்டார்.